குடியிருக்கிறவர்



வவுனியாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. யாராவது வந்து படலையைத் தட்டினால் இவருடைய மகன், “அவங்க எங்கட ஆக்கள் இல்ல, வாடகைக்காரர்” என்று சொல்லிவிடுகிறானாம். உள்ளே நிற்கும் அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப் போவதைக் கண்டு, “அப்படிச் சொல்லாத மகன், குடியிருக்கிறவங்க என்டு சொல்லு” என்று திருத்தியிருக்கிறார். “ரெண்டும் ஒன்டுதானே உம்மா?” என்று பையன் கேட்டிருக்கிறான். என்ன பதில் சொல்வது என்று நம்மிடம் கேட்கிறார்.

இரண்டும் ஒன்றல்ல என்று மகனிடம் சொல்லுங்கள். மீன்காரர், பால்காரர், தபால்காரர் என்கிறோம். ஒருவருக்கும் நமக்கும் நடுவில் கைமாறுகிற பொருள் எதுவோ அதை வைத்து அவரை அழைக்கிற முறை அது. வாடகைக்காரர் என்றால் வாடகை கொண்டு வருகிறவர். மாதத்தில் ஒரு நாள் மட்டும் நம் கண்ணுக்குத் தெரிகிற மனிதர். குடியிருக்கிறவர் என்ற சொல்லிலோ பணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அவர் அங்கே அடுப்பு மூட்டுகிறார், பிள்ளை வளர்க்கிறார், தொழுகிறார், தூங்குகிறார். குடியாக இருக்கிறார். வீட்டுக்குச் சொந்தக்காரர் செய்கிற எல்லாவற்றையும் அவரும் செய்கிறார், உறுதி எழுதி விற்பதைத் தவிர.

‘குடி’ என்றதும் சிலருக்குக் கள்ளும் சாராயமும் நினைவுக்கு வரும். அது வேறு சொல். எழுத்து ஒன்றாக இருப்பதால் வந்த மயக்கம். இந்தக் குடி வீட்டைக் குறிக்கும், வீட்டில் வாழும் குடும்பத்தைக் குறிக்கும், குடும்பங்கள் சேர்ந்த வம்சத்தையும் குறிக்கும். குடிசையும் குடிலும் குடிமனையும் இதன் பிள்ளைகள். நாட்டுக்கு உரியவன் குடிமகன். அவனுக்குள்ள உரிமை குடியுரிமை. மணமக்கள் புதுவீடு போனால் குடிபுகுதல். ஊரை விட்டுப் போனால் குடிபெயர்தல். யாழ்ப்பாணத்துப் பழைய வழக்கில் மட்டும் ‘குடிமக்கள்’ என்றால் ஊருக்கு முடிவெட்டியும் துணி வெளுத்தும் தொழில் செய்தவர்களைக் குறித்தது. ஏட்டில் உயர்ந்த சொல்லை முற்றத்தில் தாழ்த்திய கதை அது. இன்றைக்கு அதை விட்டுவிடுவோம்.

நம் கிழக்கு மாகாணத்துச் சகோதரிகளுக்குக் குடியைப் பற்றி நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து முஸ்லிம்களிடத்திலும் தமிழரிடத்திலும் குடி என்பது தாய்வழி வம்சம். “நீங்க என்ன குடி?” என்று கேட்டால் உம்மாவின் குடியைத்தான் சொல்ல வேண்டும். வாப்பாவின் குடி வாப்பாவோடு சரி. பள்ளிவாசல் மரைக்கார்மாரைக் குடிவாரியாகத் தெரிவு செய்த வழக்கமும் அங்கே உண்டு. வீடும் பெண்ணுக்கே சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். தமிழ்நாட்டில் காயல்பட்டினத்திலும் இதே முறை. கணக்குப் பார்த்தால் அந்த ஊர்களில் குடியிருக்கிறவர்கள் மாப்பிள்ளைமார்தான். வாடகை மட்டும் கேட்பதில்லை!

தமிழ்நாட்டில் இதே ஆளுக்குக் ‘குடித்தனக்காரர்’ என்று பெயர். “மாடியில் ஒரு குடித்தனம் வைத்திருக்கிறோம்” என்பார்கள். குடித்தனம் என்றால் இல்லறம் நடத்துவது. கலியாணமாகித் தனியே போனால் தனிக்குடித்தனம். ஒரே முற்றத்தைச் சுற்றிப் பத்துக் குடும்பங்கள், ஒரு கிணறு, ஒரு குளியலறை என்று சென்னையில் நெருக்கியடித்து வாழ்ந்தால் ஒண்டுக்குடித்தனம். ஆக அங்கேயும் வாடகைக்கு வருகிறவரை இல்லறம் நடத்துகிறவர் என்றுதான் மொழி சொல்கிறது. அவர் வாடகை கொடுக்க வேண்டிய ஆளுக்கு ‘வீட்டுக்காரர்’ என்று பெயர். அங்கே பெண்கள் கணவரையும் ‘எங்க வீட்டுக்காரர்’ என்றே சொல்வார்கள். “வீட்டுக்காரர் கோபமாக இருக்கிறார்” என்று ஒருத்தி சொன்னால், சமையல் சரியில்லையா வாடகை பாக்கியா என்று விசாரித்துத்தான் ஆறுதல் சொல்ல வேண்டும்.

வாடகை என்ற சொல் நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. மலையாளத்தில் வாடக, கன்னடத்தில் பாடிகெ. தமிழில் இதற்குத் தனியாக ஒரு சொல் இருந்தது, இன்னும் முதியவர்கள் வாயில் இருக்கிறது: குடிக்கூலி. பேச்சில் தேய்ந்து குடக்கூலி என்றும் வரும். குடியிருப்பதற்குக் கொடுக்கிற கூலி. சிங்களத்தில் வீட்டு வாடகையைக் ‘கெவல் குலிய’ என்கிறார்களே, அதிலும் நம் கூலியின் குரல் கேட்கிறது. வவுனியாச் சந்தையில் நாளும் இரு மொழியும் கேட்கிறவர்களுக்கு இது புதினமாக இராது.

இந்தக் கூலிக்கும் நமக்கும் இன்னொரு பழக்கம் உண்டு. அல்லாஹ்விடம் கிடைக்கும் ‘அஜ்ர்’ என்பதைத் தமிழில் நற்கூலி என்று எழுதுகிறோம். அரபியில் அஜ்ர் என்ற அதே வேரிலிருந்துதான் ‘உஜ்ரத்’ வருகிறது. கூலிக்கும் வாடகைக்கும் அதுவே பெயர். இஜாரா என்றால் வாடகை ஒப்பந்தம், முஸ்தஃஜிர் என்றால் வாடகைக்கு எடுத்தவர். அரபிச் சட்ட நூல்கள் அவரைக் கொடுக்கிற பணத்தை வைத்துப் பெயரிட்டிருக்கின்றன. ஆங்கிலத்து ‘டெனன்ட்’ இலத்தீனில் ‘பிடித்து வைத்திருத்தல்’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் கையில் பிடித்திருப்பதை வைத்துப் பெயரிட்டார்கள். தமிழ் வாழ்வதை வைத்துப் பெயரிட்டது.

அரபியிலும் வாழ்வதை வைத்து ஒரு சொல் உண்டு: ஸாகின், குடியிருக்கிறவர். மஸ்கன் என்றால் குடியிருப்பு. நம் வீடுகளில் ஸகீனா என்று பெண்பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோமே, அமைதி என்று பொருள்படும் அந்தப் பெயரும் இந்த வேரில் பிறந்ததே. அலைந்தது ஓய்ந்து ஓரிடத்தில் தங்குவதும் மனம் அடங்குவதும் அந்த மொழியில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. தலாக் சொல்லப்பட்ட பெண்களை, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே உங்கள் வசதிக்கேற்பக் குடியமர்த்த வேண்டும் என்று சூரா தலாக்கில் வருகிற கட்டளையிலும் இதே வேர்ச்சொல்தான். அந்தக் கட்டளை வீட்டின் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கவில்லை. குடியிருந்த இடம் எது என்றுதான் கேட்கிறது. வாடகை வீட்டில் கணவர் மௌத்தாகி, இத்தா இருக்கிற பெண்ணிடம் “அடுத்த மாதம் எழும்பிக் கொடுங்கள்” என்று சொல்ல வாயெடுக்கிற சொந்தக்காரம்மா இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

‘எழும்பச் சொல்லுதல்’ என்பது நம் பக்கத்து வழக்கு. தமிழ்நாட்டில் ‘காலி பண்ணச் சொல்லுதல்’ என்பார்கள். காலி அரபிச் சொல், வெறுமை. பாக்கி, வசூல், ஜாமீன், ஜப்தி என்று வீட்டு வழக்குகளில் புழங்குகிற பாதிச் சொற்கள் அரபியிலிருந்து வந்து தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் குடியேறியவை. கோர்ட் உத்தரவோடு வந்து சாமான்களை வெளியே வைக்கிற உத்தியோகத்தருக்கு அங்கே ‘அமீனா’ என்று பெயர். நம்பிக்கைக்குரியவர் என்று பொருள்படும் ‘அமீன்’ இப்படிப் போய் நிற்கிறது. இலங்கையில் அந்த வேலைக்கு ஒல்லாந்தர் விட்டுப்போன ‘பிஸ்கால்’ வருவார். நம்மவர்களுக்கு அவரும் போதும்.

இவ்வளவும் சொல்லின் அழகு. வன்னியில் இந்தச் சொல்லுக்கு அழகைவிட அதிகமான பாரம் இருக்கிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டக்கச்சி, இராமநாதபுரம், உருத்திரபுரம் எல்லாம் இரணைமடுக் குளத்தை நம்பிக் ‘குடியேற்றத் திட்ட’மாக உண்டான ஊர்கள். 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் வந்து வன்னியில் காடு வெட்டிக் ‘குடியேறி’னார்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரம் பேருக்கு மேல். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், கிளிநொச்சியில் நாச்சிக்குடா என்று நம் ஊர்கள் ஒரு சில நாட்களில் ‘குடியெழும்பி’ப் புத்தளத்துத் தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்களுக்குள் போய்ச் சேர்ந்தன. 1995 இறுதியில் யாழ்ப்பாணத்தார் இலட்சக்கணக்கில் வன்னிக்குள் வந்தார்கள். 1996இல் கிளிநொச்சி நகரமே எழும்பியது. 2009இல் வன்னி முழுவதும் எழும்பி, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் கம்பிக்குள் இருந்தது. அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அதற்குப் பிறகு வந்த சொல் ‘மீள்குடியேற்றம்’. இத்தனைக்குள்ளும் குடி, குடி, குடி என்று ஒரே சொல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது பாருங்கள்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், வன்னியில் ஒரு வீட்டில் இருக்கிறவர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்வது கடினமாகப் போயிற்று. ஹிஜ்ராபுரத்தில் சொந்த வீடுள்ளவர் புத்தளத்தில் வாடகைக்கு இருந்தார். அவர் வீட்டிலோ, பரந்தனில் சொந்த வீடுள்ள வேறொருவர் இடம்பெயர்ந்து வந்து இருந்திருப்பார். பரந்தன் வீட்டில் யார் இருந்தார்களோ! ஒருவரே ஓரிடத்தில் வீட்டுக்காரர், இன்னோரிடத்தில் குடியிருக்கிறவர், மூன்றாவது இடத்தில் அகதி.

வவுனியா நகரத்தில் குடியிருப்பது பழைய காலத்தில் வாடகைப் பேச்சோடு முடிந்ததில்லை. வன்னிக்குள்ளிருந்து வந்தவருக்கு நகரத்தில் தங்கப் ‘பாஸ்’ வேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற படிவத்தில் அவருடைய பெயர் இருக்க வேண்டும். இரவில் சோதனைக்கு வருகிறவர்கள் அந்தப் படிவத்தோடு தலைகளை எண்ணிப் பார்ப்பார்கள். சொந்தக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால் குடியிருக்கிறவருக்குப் பாஸ் சிக்கல். குடியிருக்கிறவர் வீட்டில் பெயரில்லாத விருந்தாளி ஒருவர் படுத்திருந்தால் சொந்தக்காரருக்குப் பொலிஸ் சிக்கல். யுத்த காலத்தில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பங்களின் தலைவிதி ஒரு கடதாசியில் முடிச்சுப் போட்டிருந்தது. அந்த நாட்களில் குருமன்காட்டிலும் பட்டாணிச்சூரிலும் வீடு கொடுத்தவர்களையும் எடுத்தவர்களையும் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இப்போது வன்னியில் ஒரு வளவுக்குள் இருக்கிறவரைக் குறிக்க எத்தனை சொற்கள் என்று பாருங்கள். ‘வாடகைக்கு இருக்கிறவை’, ‘குத்தகைக்கு எடுத்தவை’, ‘ஒத்திக்கு இருக்கிறவை’, ‘காவலுக்கு இருக்கிறவை’, ‘சும்மா இருக்க விட்டது’, ‘பெர்மிட்காரர்’, ‘ஆட்சிக்காரர்’. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா வளவிலும் கிணறும் மாமரமும் கொடியில் காயும் உடுப்பும்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் இவர்கள் ஒருவருக்கொருவர் ஏணி வைத்தாலும் எட்டாதவர்கள்.

வாடகை மாதக் கணக்கு. வாய்ப்பேச்சிலேயே தொடங்கலாம், இலங்கையில் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அதன் கீழ் வருகிற வீடுகளில் இருப்பவர்களை நினைத்தபடி எழுப்ப விடாமல் காக்கிறது. குத்தகை ஆண்டுக் கணக்கு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தவணையென்றால் அது நொத்தாரிஸ் முன் எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது இது. வெள்ளைக்காரன் போய்விட்டான், அந்தச் சட்டம் போகவில்லை. கொப்பித் தாளில் “ஐந்து வருஷக் குத்தகை” என்று எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிற சகோதரிகள் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குப் போனால் அந்தத் தாள் ஐந்து வருஷக் குத்தகையாக நிற்காது.

ஒத்தி வேறு. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வட்டிக்குப் பதிலாக வீட்டையோ வயலையோ அனுபவிப்பது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707இல் ஒல்லாந்தருக்காக எழுதித் தொகுத்தபோதே ஒத்தியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இது வட்டியாகுமா என்ற மஸ்அலா நம் வீடுகளில் அடிக்கடி எழுவது. அதற்குப் பதில் சொல்லும் பக்கம் இதுவல்ல. உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். சொல்லைப் பொறுத்தவரை நான் சொல்வது ஒன்றே: ஒத்திக்கு இருக்கிறவரை வாடகைக்கு இருக்கிறவர் என்று சொல்லாதீர்கள். அவர் பணம் உங்கள் கையில் இருக்கிறது. உங்களுக்குக் கடன் கொடுத்தவர் அவர்.

கிளிநொச்சி, முல்லைத்தீவில் பெரும்பாலான காணி அரசாங்கத்தினுடையது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டது. ஊரார் வாயில் பெர்மிட் காணி. அந்தக் காணியைப் பெர்மிட்காரர் தன் விருப்பப்படி விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. பிரதேச செயலகத்துக்குத் தெரியாமல் பெர்மிட் காணி வீட்டைக் குத்தகை என்று எழுதினால், கொடுத்தவரின் பெர்மிட்டுக்கும் ஆபத்து, எடுத்தவரின் பணத்துக்கும் ஆபத்து. அந்தச் சட்டத்தில் வாரிசு பெயர் குறிக்காமல் பெர்மிட்காரர் இறந்தால் ஆண்பிள்ளைகளுக்கே முன்னுரிமை என்ற பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. 2022இல் வந்த திருத்தத்தோடு அது நீங்கியது. வாப்பாவின் பெர்மிட் வீட்டில் பிறந்து வளர்ந்தும், வாப்பா மௌத்தான பிறகு நானாவின் தயவில் இருக்கிறவளாக மாறிப்போன பெண்கள் எத்தனை பேர்! குடியிருக்கிறவள் என்ற பெயர்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. வாடகை கொடுக்கிறவளுக்கு அந்தப் பெயராவது இருக்கிறது.

இனி, எல்லாவற்றிலும் பாரமான சொல்லுக்கு வருகிறேன்: ஆட்சி.

தனியார் காணி ஒன்றில் ஒருவர் பத்து ஆண்டுகள் இடையூறில்லாமல், இன்னொருவரின் உரிமையை ஒப்புக்கொள்ளாமல், தனதாகவே ஆண்டு அனுபவித்தால், அது தமக்கே உரியது என்று கோட்டில் கேட்கலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. ‘ஆட்சி உறுதி’ என்று நம் ஊர்களில் சொல்வது இந்த வழியில் முடிக்கிற உறுதியைத்தான். அரசாங்கக் காணிக்கு எதிராக இது செல்லாது. இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் எது தெரியுமா? வாடகை கொடுத்திருந்தால், விளைச்சலில் பங்கு கொடுத்திருந்தால், சொந்தக்காரருக்கு ஏதாவது கடமை செய்து வந்திருந்தால், அந்தப் பத்து ஆண்டுக் கணக்கு ஓடாது. ஏனென்றால் கொடுப்பவர், ‘வீடு என்னுடையதல்ல’ என்று ஒவ்வொரு மாதமும் ஒப்புக்கொள்கிறார்.

பற்றுச்சீட்டு குடியிருக்கிறவரின் பாதுகாப்புக்கு என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். “எங்களுக்குள்ள என்னத்துக்குத் துண்டு?” என்று சொந்தக்காரர்தான் பெருந்தன்மையாக மறுப்பார். உண்மையில் அந்தத் துண்டின் அடிக்கட்டை அவருடைய சொத்தைக் காக்கிற பூட்டு. ‘குடியிருக்கிறவர்’ என்ற சொல் அந்தத் துண்டில் எழுதப்பட்டிருக்கும் வரை, அந்த வளவில் ‘ஆட்சிக்காரர்’ என்ற சொல் முளைக்காது.

1990இல் நம்மவர்கள் போகும்போது பற்றுச்சீட்டுக்கும் எழுத்துக்கும் நேரமிருந்ததா? ஒரு சிலர் அடுத்த வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடம் திறப்பைக் கொடுத்து, “பார்த்துக்கொள்ளுங்கோ, வருவோம்” என்றார்கள். நாம் அமானிதம் என்று சொல்வது இதைத்தான். அமீன் பிறந்த அதே வேர். கூரை ஓட்டைக் கழற்றி வைத்துப் பத்திரப்படுத்தித் திருப்பிக் கொடுத்த அயலவர்களும் இருந்தார்கள், இருக்கவிட்டதை ஆட்சி என்று உறுதி முடித்தவர்களும் இருந்தார்கள். பிறகு புலிகளின் நிர்வாகமும் ஆளில்லாத வீடுகளில் வேறு ஆட்களை இருத்தியது. வந்து இருந்தவர்களும் பெரும்பாலும் எங்கிருந்தோ எழுப்பப்பட்டவர்களே. இருபது வருஷம் கழித்துச் சொந்தக்காரர் வந்து படலையில் நின்றபோது, உள்ளே இருந்த பெண்ணுக்கும் போக வேறு வீடில்லை. அந்தப் படலையின் இரண்டு பக்கத்திலும் நின்றவர்களைப் பற்றி ஒரு பக்கமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் பிந்தித்தான் வந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், ஆயுதக் குழுக்களின் செயலால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தம் காணிக்காக நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லிற்று. நிரந்தரச் சட்டமல்ல அது. இரண்டு ஆண்டுகளுக்கே நடைமுறையில் இருக்கும்படி இயற்றப்பட்டது. புத்தளத்தில் கூலி வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தச் செய்தி எட்டியிருக்கும்?

யுத்தம் முடிந்த பிறகு வந்த வீடமைப்புத் திட்டங்களிலும் சொல்தான் வாசலில் நின்றது. இந்திய அரசாங்கத்தின் 50,000 வீட்டுத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்தார்கள். வீடு கட்டக் காணி வேண்டும். காணிக்குக் கடதாசி வேண்டும். யுத்தத்துக்கு முன் பத்துப் பதினைந்து வருஷம் வாடகைக்கோ காவலுக்கோ இருந்த குடும்பமும் எல்லாரையும் போல எல்லாவற்றையும் இழந்துதான் இருந்தது. “நீங்கள் இங்கே குடியிருந்தீர்களா?” என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லலாம். “உங்கள் காணி எது?” என்ற கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. மீள்குடியேற்றத்துக்குக் குடியாக இருந்தால் மட்டும் போதவில்லை.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வளவில் யாராவது இருந்தால், அல்லது நீங்கள் யாருடைய வளவிலாவது இருந்தால், எந்தப் பெயரில் இருக்கிறீர்கள் என்பதை இன்றைக்கே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், ஒரே ஜமாஅத் என்று கூச்சப்பட வேண்டாம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம்; அந்நியரோடு மட்டும் எழுதுங்கள் என்று அதில் இல்லை. காவலுக்கு விட்டிருந்தால் “காவலுக்கு” என்றே எழுதுங்கள். வாடகை வாங்காமல் ஓர் ஏழைக் குடும்பத்தை இருக்க விட்டிருந்தால், “எங்கள் அனுமதியோடு, வாடகையின்றி” என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தர்மத்தை அது குறைக்காது. உங்கள் பேரப்பிள்ளையும் அவர்கள் பேரப்பிள்ளையும் நாளைக்கு ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவார்கள். வாடகைத் துண்டில் கணவர் பெயர் மட்டும் இருந்தால் மனைவி பெயரையும் சேர்க்கக் கேளுங்கள். வெளிநாடு போன கணவர், காணாமற்போன கணவர், மௌத்தான கணவர் என்று வன்னியில் தனித்து நிற்கிற பெண்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் பெயர் எந்தத் துண்டிலும் இல்லாவிட்டால் சட்டம் பேச வேறு சான்று தேடி அலைய வேண்டி வரும்.

இன்னொரு சிறு விஷயம். வாக்காளர் இடாப்புக்கு விபரம் எடுக்கக் கிராம அலுவலர் படிவத்தோடு வரும்போது, குடியிருக்கிறவரின் பெயரை எழுத விடாமல் தடுக்கிற சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பெயர் பதிந்தால் வீடு போய்விடும் என்ற பயம். போகாது. இடாப்பில் பெயர் இருப்பதனால் காணியின் உரிமை மாறுவதில்லை. ஆனால் பெயர் இல்லாமல் போனால் அந்தக் குடும்பத்துக்கு வாக்கு இல்லை, பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது வதிவிடத்தைக் காட்டச் சான்று இல்லை. குடியிருக்கிறவர் என்று வாயால் சொல்லிவிட்டு, அந்தப் படிவத்தில் மட்டும் அவரை இல்லாதவராக்குவது எப்படிச் சரியாகும்?

வவுனியாச் சகோதரியின் மகனுக்கு இவ்வளவும் வேண்டாம். “அது அவங்கட வீடு, நாங்க கொடுத்திருக்கிறம்” என்று சொன்னால் புரிந்துகொள்வான்.

அளுத்கமை, பேருவளைப் பக்கத்திலும் மன்னாரிலும் இதற்கு வேறு சொற்கள் வழங்குகின்றனவா? உங்கள் உம்மம்மா என்ன சொல்வார் என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த மாதம் ‘படலை’யைப் பார்ப்போம்.